குடை டயரும் தொழில் இல்லாத சென்னம்மாளும்

"சென்னம்மாள், வயது சுமார் 38, க/பெ தீர்த்தகிரி, கொண்டப்பநாயக்கன்பட்டி. தொழில்: இல்லை. மோட்டார் வாகனங்கள் பற்றி ஏதும் அறியாதவர். சம்பவத்தை நேரில் கண்டவரல்லர். விசாரிக்கத் தேவையில்லை."

1983 அக்டோபரில் ஏற்காடு மலைப்பாதையில் நடந்த ஒரு கார் விபத்தின் விசாரணைக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறது. இதில் ஊர் சரி, கணவர் பெயர் சரி, வயதுகூட ஏறத்தாழச் சரி. மிச்சத்தை விசாரிக்க வந்த அதிகாரி, பஞ்சர் கடையில் நாற்காலி இல்லாததால், தொழில் இல்லாத அந்தப் பெண் அன்று காலை பஞ்சர் ஒட்டி அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார். அது அவருக்கு உறுத்தவில்லை. டயர் அடுக்கு நல்ல உயரம். எழுத வசதியாக இருந்தது.

மலை ஏறுவதற்கு முன் கடைசியாக வருவது அந்தக் கடை. பலகையில் "தீர்த்தகிரி பஞ்சர் ஒர்க்ஸ்" என்று இருக்கும். தீர்த்தகிரி பலகை எழுதிய வருஷமே மேலே ஒரு காப்பித் தோட்டத்துக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை இறங்கி வருவார், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், ஞாயிறு மாலை ஏறிவிடுவார். பன்னிரண்டு வருஷமாகக் கடையில் சக்கரம் கழற்றுவதும், டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதும், ஒட்டுவதும், காற்றடிப்பதும் சென்னம்மாள். எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியாரும் அவர் பெயருக்கு நேரே "வீட்டு வேலை" என்று எழுதத்தான் பார்த்தார். அப்போது ஓர் அம்பாசடர் டயரை இரும்புப் பட்டையால் நெம்பிக்கொண்டிருந்த சென்னம்மாள் பட்டையை உயர்த்திக் காட்டி, "அப்ப இது என்னங்க சாமி, கொழம்பு கிண்டற கரண்டிங்களா?" என்று கேட்டார். வாத்தியார் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டு வேலை என்றே எழுதினார்.

விபத்துக்கு வருவோம். அதற்கு முன் குடை டயருக்கு வரவேண்டும்.

சேலம், நாமக்கல் பக்கம் டயரைப் பற்றி மனிதர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை ஓடுச்சு? லாரிக்காரர்கள் கேட்டுக் கேட்டு, கார் வைத்திருந்தவர்களுக்கும் அது தொற்றிவிட்டது. டயரின் மேல் கட்டம் கட்டமாக நிற்கும் ரப்பரை இங்கே பட்டன் என்பார்கள். பட்டன் தேயாத டயர் நல்ல டயர். தேய்ந்தது கெட்ட டயர். நிற்கிறதா, திரும்புகிறதா, ரோட்டைப் பிடிக்கிறதா என்று கேட்பவனை டயர் வாங்க வக்கில்லாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஊர்க்காரர்களின் இந்த ஒற்றைக் கேள்வியைத் தெரிந்துகொண்டு வந்ததுபோல எண்பத்திரண்டில் ஒரு புதுக் கம்பெனியின் டயர் வந்தது. விளம்பரத்தில் ஒரு டயர், அதன் மேல் விரித்த குடை, ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் மழை. கோடை, மழை, பனி, எல்லாக் காலத்துக்கும் ஒரே டயர். வேகத்துக்கென்றே வார்த்த ரப்பர். கம்பெனிப் பெயர் வாயில் நுழையாததால் ஊர் அதற்குக் குடை டயர் என்று பெயர் வைத்தது.

ஓமலூரிலிருந்து டாக்சி ஓட்டிய மயில்சாமிதான் முதலில் வாங்கியவர். ஓட்டிய என்றால், அவர் ஓட்டவில்லை. பத்து ஏக்கர் வைத்திருந்தவர். காரைச் சின்னராஜ் என்ற இருபத்தேழு வயதுக்காரன் ஓட்டினான். மயில்சாமி வாரத்துக்கு ஒருமுறை குனிந்து டயரைத் தடவிப் பார்ப்பார். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியும் பட்டன் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது. தன் பிள்ளைகளைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

சென்னம்மாளுக்கு அந்த டயரைப் பற்றிச் சந்தேகம் வந்தது காரால் அல்ல, செருப்பால்.

கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய டயரை அறுத்துச் செருப்பு தைக்கிறவர் அம்மாசி. மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அவர் செருப்புதான். எண்பத்து மூன்று வைகாசியில் யாரோ ஒருவரின் குடை டயர் பக்கவாட்டில் கல் குத்திக் கிழிந்து அவரிடம் வந்தது. நாலு ஜோடி தைத்தார். ஆனியில் முதல் மழை பெய்த வாரத்திலேயே அந்த நாலு ஜோடியைப் போட்டிருந்த நாலு பேரும் விழுந்தார்கள். முட்டி பெயர்ந்த ராமாயி செருப்பைக் கொண்டுவந்து அம்மாசியின் முன் போட்டார்.

"இந்தச் செருப்பப் போட்டுட்டு நடக்கறதுக்கு வெறுங்காலோட போறனுங்க. ஐஸ்கட்டி மேல நிக்கறாப்பல இருக்குது."

"செருப்பு என்ன பண்ணுச்சு? அடியப் பாரு, ஒரு மயிரளவு தேஞ்சிருக்குதா?" என்றார் அம்மாசி. "செருப்புல குத்தமில்ல. உனக்கு நடக்கத் தெரியல."

தொட்டியருகே டியூபை அமுக்கிக்கொண்டிருந்த சென்னம்மாள் நிமிர்ந்தார். பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிற நாலு பெண்களுக்கு ஒரே வாரத்தில் நடக்க மறந்துபோனது என்ற முடிவு அவருக்கு அதிசயமாக இருந்தது. ராமாயியின் செருப்பில் இடதுகால் ஒன்றை எடுத்துக்கொண்டார். வலதுகாலுக்கு, பழைய கம்பெனி டயரில் தைத்த தன்னுடையது. தொட்டிக்கு முன்னால் சாய்வாகப் பதித்திருந்த பலகைக் கல்லில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி மேலும் கீழும் நடந்தார். வலது கால் நின்றது. இடது கால் போனது. கல் காய்ந்த பிறகு மறுபடி நடந்தார். இரண்டும் நின்றன. கடைசியில் இரண்டு அடியிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். பழையதில் நகம் பதிந்தது. குடை டயரில் நகம்தான் வளைந்தது.

அவ்வளவுதான் விஷயம். தேயாததற்கு எது காரணமோ அதுவேதான் ஈரத்தில் பிடிக்காததற்கும் காரணம். ரப்பர் கல்லாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கம்பெனிக்கு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. சென்னம்மாளுக்கு ஒரு பலகைக் கல் இருந்தது.

அடுத்த முறை மயில்சாமி காற்றடிக்க வந்தபோது சொன்னார். "ஏனுங்க, இந்த டயரு மழைக்கு ஆவாதுங்க. வெயில் காலத்துக்கு வேண்ணா போட்டுக்குங்க. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள மாத்திப்போடுங்க."

"எப்படிச் சொல்ற?"

"செருப்புப் போட்டு நடந்து பாத்தனுங்க."

மயில்சாமி காரின் கூரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சின்னராசு, கேட்டியாடா? நம்ம காருக்கு இனிமே வார் வெச்சுத் தெச்சுப்போடலாம்." சின்னராஜும் சிரித்தான். முதலாளி சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது எப்படி.

ஐப்பசியில் ஒரு மாலை, நல்ல மழையில், மேலிருந்து இறங்கிய மயில்சாமியின் கார் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பாமல் நேராக வழுக்கிப்போய்த் தடுப்புச் சுவரில் இடித்தது. உள்ளே இருந்த ஆசிரியர் ஒருவருக்குக் கை முறிந்தது. சின்னராஜ் இரண்டாவது கியரில்தான் வந்தான் என்று அந்த ஆசிரியரே சொன்னார். ஆனால் காகிதத்தில் எழுத ஏற்கெனவே ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால்." மலைப்பாதையில் எது எங்கே இடித்தாலும் அந்த வாக்கியம்தான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, ரத்து செய்யப் பரிந்துரைத்தார்கள். சின்னராஜுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ரத்தானால் மேச்சேரிக்குப் போய் மாமன் வீட்டு ஆடு மேய்க்க வேண்டியதுதான் என்று அவன் சொன்னான், விளையாட்டாகச் சொல்லவில்லை.

காரைக் கீழே கொண்டுவந்து சென்னம்மாள் கடைக்கு முன் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் வாகன ஆய்வாளர் வந்தார். மோசமான மனிதரல்ல. நல்ல வெயில் அன்றைக்கு. மட்கார்டு நசுங்கியதைத் தவிரக் கார் ஓடியது. அவரே ஓட்டினார், கடைக்கு முன்னாலிருந்த நேர்ப் பாதையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை மிதித்தார். மிதித்த இடத்திலிருந்து எட்டு வைத்து அளந்ததில், பதினோரு எட்டில் நின்றிருந்தது. பட்டனின் ஆழத்தை அளந்தார். "டயர்கள் நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதினார்.

"டயரு புதுசாட்டம் இருக்குதுங்க" என்றார் சின்னராஜோடு வந்திருந்த மயில்சாமி, பெருமை அடங்காமல். தன் டிரைவரின் கழுத்தில் தானே கயிறு மாட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. டயரைப் புகழ ஒரு சந்தர்ப்பம், விட முடியவில்லை.

அப்போதுதான் சென்னம்மாள் குறுக்கிட்டார். "மழையில வழுக்குன காரை வெயில்ல ஓட்டிப் பாத்தா என்னங்க தெரியும்?"

ஆய்வாளர் திரும்பினார். "நீ யாரம்மா? சம்பவத்தைப் பார்த்தியா?"

"பாக்கலீங்க. டயரப் பாத்தனுங்க."

"உன் வீட்டுக்காரர் எங்கே?"

"அவருக்கு என்னங்க தெரியும்? அவரு காப்பிச் செடிக்குக் காவலு."

ஆய்வாளர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, முதலில் சொன்ன அந்த வரிகளை எழுதினார். மேலே "கடை உரிமையாளர் தீர்த்தகிரி, ஊரில் இல்லை" என்றும் எழுதினார். சென்னம்மாளுக்குப் படிக்கத் தெரியும். தலைகீழாக இருந்தாலும் "தொழில்: இல்லை" என்பதைப் படித்துவிட்டார். பிறகு போய் ஒரு குடம் தண்ணீரைப் பலகைக் கல்லில் ஊற்றினார். அவரை அறிந்த அம்மாசி, ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

ஆய்வாளரின் கையெல்லாம் கிரீஸ். கழுவத் தண்ணீர் கேட்டார். ஷூவைக் கழற்றினார். சென்னம்மாள் அவர் முன்னால் இரண்டு செருப்பை வைத்தார்.

"இடது அந்தக் காருல இருக்கற குடை டயருல தெச்சதுங்க, வலது பழைய டயரு. முன்னாலயே சொல்லிப்போட்டேன். கல்லு ஈரமா இருக்குது, பாத்துக் கால வெச்சு வாங்க."

ஆய்வாளர் புன்னகையோடு போட்டுக்கொண்டார். கல்லில் இரண்டாவது எட்டில் இடது கால் அவரைக் கேட்காமல் முன்னே போனது. சின்னராஜ் பாய்ந்து பிடித்திராவிட்டால் தொட்டியில்தான் உட்கார்ந்திருப்பார்.

"அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் கால வெச்சுட்டீங்களாட்டம் இருக்குதுங்க" என்றார் சென்னம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் சிவந்து நின்றார். ஆனால் அந்த மனிதரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது; தன் கால் வழுக்கியதை நம்பினார். மறுபடி மெதுவாகக் காலை வைத்தார். மறுபடி வழுக்கியது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டார். இப்போது வலது கால் வழுக்கியது. கடைசியில், "ரோட்டை நனைக்க முடியுமா?" என்று கேட்டார்.

சென்னம்மாளும் அம்மாசியும் சின்னராஜும் குடம் குடமாகச் சுமந்து நேர்ப் பாதையை நனைத்தார்கள். குடை டயரோடு கார் நாற்பதில் வந்தது. இருபத்தேழு எட்டில் நின்றது, அதுவும் கோணிக்கொண்டு. சென்னம்மாள் ஜாக்கியை இழுத்துப் போட்டார். நாலு சக்கரத்தையும் கழற்றி, பாதி பட்டன் தேய்ந்துபோன பழைய கம்பெனி டயர் போட்ட நாலு சக்கரத்தைத் தன் கடையிலிருந்து எடுத்து மாட்டினார். ரோடு காயத் தொடங்கியிருந்ததால் மறுபடி தண்ணீர். மறுபடி நாற்பது. பதினேழு எட்டு.

"ஒருதரம் போதுங்களா, இன்னொருக்காப் பாக்கறீங்களா? தொட்டியில தண்ணி இருக்குது."

"போதும்" என்றார் ஆய்வாளர்.

சின்னராஜுக்கு லைசென்ஸ் திரும்ப வந்தது. அறிக்கையில், "ஈரச் சாலையில் டயர்களின் பிடிப்பு மிகக் குறைவு என்பதை ஆய்வாளர் தாமே மேற்கொண்ட ஒப்பீட்டுச் சோதனையில் கண்டறிந்தார்" என்று இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு வரி: "சோதனைக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர் தண்ணீர் கொடுத்து உதவினார்." முதலில் எழுதிய குறிப்பை யாரும் கிழிக்கவில்லை. ஆகவே ஒரே கோப்பில் தொழில் இல்லாதவராகவும் தண்ணீர் ஊற்றியவராகவும் சென்னம்மாள் இருக்கிறார். செருப்பைப் பற்றி எங்கும் இல்லை.

மயில்சாமி அந்த நாலு டயரையும் சமவெளியில் ஓட்டுகிற ஓர் உறவினருக்குக் கைமாற்றிவிட்டார். மழை குறைவான ஊர் என்று சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகும், யாராவது டயர் பேச்செடுத்தால், "தேய்மானமே இல்லாத டயருங்க அது" என்று பெருமூச்சு விடுவார்.

சின்னராஜ் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து படித்துக் காட்டியபோது சென்னம்மாள் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்த வரி வந்ததும் நிமிர்ந்தார்.

"தண்ணி அம்மாசியுந்தான் எடுத்தாரு. அவரு பேரும் இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"சக்கரத்த மாட்டுனது யாருன்னு போட்டிருக்குது?"

"அது போடலீங்க."

"அதுவா மாட்டிக்கிச்சாட்டம்" என்று சொல்லிவிட்டு மறுபடி குமிழி தேடினார்.

சென்னம்மாள் செய்தது இது: நாலு டயரைக் கழற்றினார், வேறு நாலு டயரை மாட்டினார், ஒரே ரோட்டில், ஒரே ஈரத்தில், ஒரே காரை இரண்டு முறை நிறுத்த வைத்து, எது நிற்கிறது என்று காட்டினார்.