கண்டக்டர் கோவிந்தராஜன் திரும்பக் கேட்ட வீடியோ

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கப் படியில் கால் வைத்தபோது போன் அடித்தது. கண்டக்டர் கோவிந்தராஜனின் மனைவி ஜெயா.

“அண்ணே, எங்க இருக்கீங்க? முதல்ல உக்காருங்க.”

எங்கே உட்காருவது, பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். “அவங்க காலையில காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சாங்க. எந்திரிக்கல” என்றார். அவர் வீட்டுக்கு, ஸ்ரீரங்கத்துக்குப் போக வேண்டியவன் வேறு எந்தப் பஸ்ஸிலோ ஏறிப் பாலக்கரையில் போய் இறங்கினேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பரை உருவம் பார்த்துத்தான் ஏறுவேன். அன்றைக்கு அந்த உருவமும் கண்ணில் நிற்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல நம் ஓய்வுபெற்ற பஸ் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் இதை எழுதுகிறார். கோவிந்தராஜன் என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் ‘அவர்’ என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

டெப்போவில் நான் வண்டி கழுவினேன், அவர் தொட்டியம் வண்டியில் கண்டக்டர். வண்டி எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் டிக்கெட் வாங்காத முகம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை முக்கொம்புக்குப் பக்கத்தில் ஒருவர் தூங்குவதுபோல நடித்தார். இவர் குனிந்து, “தூங்குனாலும் ஊரு வந்துரும்ல, டிக்கெட்ட வாங்கிட்டுத் தூங்குங்க” என்றார். வண்டியே சிரித்தது. அந்த ஆளும் கண்ணை மூடியபடியே சிரித்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு போனில் வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டார். எல்லோரும் கதாநாயகனுக்கு வீடியோ போடுவார்கள். இவர், பழைய பாட்டுகளில் கதாநாயகிக்குப் பின்னால் கூட்டத்தோடு ஆடும் ஒரு பெண்ணுக்கு ரசிகர். எத்தனையோ பாட்டுகளிலிருந்து அந்த அம்மாள் வரும் இடங்களை மட்டும் பொறுக்கி, முகத்தைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டு, தன் குரலில் விளக்கமும் பேசிச் சேனலில் போட்டார்.

“எல்லாப் பாட்டுலயும் இருக்காங்கண்ணே. பேரு மட்டும் எங்கயும் இல்ல” என்பார்.

எனக்கு அந்த வீடியோ ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் சேனலைத் தேட எழுத்துத் தெரிய வேண்டுமே. “வாயால கேளுங்கண்ணே, வரும்” என்றார். நான் கேட்டால் அது சாமி பாட்டு போட்டது. காட்டூரில் என் வீட்டுக்குள் நெட் வேறு சுற்றிக்கொண்டே நிற்கும். “ஃபைலா குடுங்க தம்பி, போன்ல வச்சுக்கறேன்” என்று நச்சரித்தேன்.

“அது மட்டும் வேணாம்ணே. சேனல்ல இருந்தா விசில் என் கையில, எப்ப வேணா நிறுத்தலாம். ஃபைலா குடுத்துட்டா அது விசில் இல்லாத வண்டி.”

“படிக்காதவன் பாக்கக் கூடாதுன்னு சொல்றீங்க, அப்படித்தானே?” என்றேன். அவர் முகம் வாடியது. அன்றைக்கே அனுப்பிவிட்டார். நான் அதைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், தொட்டியத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன.

சில வாரம் கழித்து ஓர் அம்மாள், சேனலில் இருந்த நம்பரைப் பார்த்து அவருக்குப் போன் செய்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

“அந்த வட்டத்துக்குள்ள இருக்கறது நான்தாம்பா. நல்லாத்தான் ஆடியிருக்கேன். நீ மரியாதையாத்தான் பேசியிருக்க. ஆனா யாரோ அதுல அசிங்கமா எழுதி அனுப்புறாங்க. எங்க குடியிருப்பு வரைக்கும் வந்துருச்சு. எடுத்துருப்பா.”

“எல்லா இடத்துலயும் எடுத்துர்றேம்மா” என்று வாக்குக் கொடுத்து, அவர் அங்கேயே சேனலிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் நான் அனுப்பியது ஊர் ஊராகப் போய்விட்டதே. அசிங்கமாக எழுதப்பட்டிருந்ததும் அந்த ஃபைலில்தான்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறி ஏறிப் போய், ஒவ்வொருவர் போனாக அழிக்கச் சொன்னார். அழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். தொட்டியத்தில் ஒரு டீக்கடைக்காரர், “நீங்களே குடுத்துட்டு நீங்களே அழிக்கச் சொல்றீங்க. டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுப் பாதி வழியில இறங்கச் சொல்ற கதையால்ல இருக்கு” என்று கேலி செய்தாராம். “ஆமாங்க, இறங்கித்தான் ஆகணும்” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அழிக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். தன் போனிலும் ஜெயாவின் போனிலும் முதலிலேயே அழித்துவிட்டார்.

என்னிடமும் கேட்டார். “உங்க போன்ல?”

“அழிச்சாச்சு தம்பி.”

மற்றவர்கள் போனையெல்லாம் வாங்கிப் பார்த்தவர் என் போனைக் கேட்கவில்லை. நான் அழித்திருக்கவில்லை.

கொள்ளிடக் கரையில் காரியம் முடிந்து திரும்பும்போது ஜெயா என்னிடம், “அவங்க பேசினது ஏதாவது உங்ககிட்ட இருக்காண்ணே? எங்ககிட்ட போட்டோதான் இருக்கு. குரல் ஒண்ணுகூட இல்ல” என்று கேட்டார். “பாக்கறேம்மா” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டேன். ஒன்பது நாள் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. பத்தாம் நாள் போய், அவரிடம் நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, போனை ஜெயா கையில் கொடுத்தேன்.

ஜெயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வீடியோவில் கோவிந்தராஜன் பேசப் பேச இவர் தலையாட்டினார். இடையில் ஒரு தடவை, “இருமல் பாருங்க, மருந்து குடிங்கன்னா கேட்டாத்தானே” என்றார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“குரல மட்டும் தனியா எடுத்துத் தரச் சொல்லலாம்மா” என்றேன்.

“அதுக்கும் இத இன்னொருத்தருக்கு அனுப்பணும்லண்ணே. வேணாம். அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்தாங்க” என்று சொல்லிவிட்டுப் போனில் எதையோ தொட்டார். “அழிக்கவான்னு கேக்குது.”

“எது எந்த எழுத்துன்னு எனக்குத் தெரியாது. நீங்களே அமுக்குங்க.”

அவர் உடனே அமுக்கவில்லை. வெளிச்சம் மங்கிப் போன் அணையப் பார்த்தது. விரலால் தொட்டு எழுப்பினார். பிறகு அமுக்கினார். வீடியோ இருந்த கட்டம் காணாமல் போய், அடுத்தடுத்த படங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன.

இதைப் படிக்கும் சங்கத்தார் யார் போனிலாவது இன்னும் அது இருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்று கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி, என் போனை நீங்கள் வாங்கிப் பார்த்திருக்கலாம். இனி மிச்ச வீடுகளுக்கு நான் போகிறேன். நீங்கள் உட்காருங்கள்.