துணைக்குப் போன ஆண்பிள்ளை

ஓமம் கொதிக்கும் வாசனை எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து எப்போது கிளம்பினாலும், எழுபது வயதைத் தாண்டிவிட்ட நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். அந்தக் கார வாசனை எட்டு வயதில் நான் பாயில் படுத்திருந்த ஒரு காலை நேரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விடும். அன்று நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஐம்பதுகளின் நடுவில், சிங்காநல்லூரைத் தாண்டி இருந்த எங்கள் ஊரிலிருந்து கோயமுத்தூர் டவுனுக்குப் போய் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரே பெண் என் அக்கா ருக்மணி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவளைப் படிக்க விட்டதற்கு அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: "பொட்டப் புள்ள" தனியாகப் பஸ் ஏறக் கூடாது, கூட ஒரு ஆண்பிள்ளை "தொணைக்கு"ப் போக வேண்டும். அப்பாவை விட்டால் வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்பதால், ஊரிலேயே பள்ளிக்கூடம் இருந்தும் ஐந்து வயதில் என்னை டவுனில், அவள் பள்ளிக்கு அடுத்திருந்த ஆரம்பப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் காவல் காத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பையையும் சேர்த்து அவள்தான் சுமப்பாள், ரோட்டைத் தாண்டும்போது என் கையை அவள்தான் பிடித்துக்கொள்வாள், சாயங்கால பஸ்ஸில் அவள் மடியில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டு வருவேன். ஆனாலும் நான் போனால்தான் அவள் போக முடியும் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. புரிந்த நாளிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, அவள் தூக்குப்போசியில் இருந்த முறுக்கும் எனக்கு. "நாளைக்கு நான் வல்லே போ" என்று மிரட்டினால் போதும், கேட்டது கைக்கு வந்துவிடும்.

அப்படியும் கைக்கு வராதது அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ். கணக்கில் முதலாவதாக வந்ததற்கு டீச்சர் கொடுத்த பரிசு அது. தகரப் பெட்டி, மூடியில் தாமரைப் பூ, உள்ளே பளபளவென்று காம்பஸ். பள்ளி இறுதிப் பரீட்சை தொடங்கி இரண்டு நாள் நான் அவளோடு போய், அவள் எழுதி முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, அந்தப் பெட்டியைக் கொடுத்தால்தான் வருவேன் என்றேன். "இன்னைக்குக் கணக்குப் பரீச்சை கண்ணு, அது இல்லாம முடியாது. நாளைக்கு உனக்கே தந்தர்றேன்" என்றாள். அவள் நேராக முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டுவிட்டேன்.

அம்மா ஓமத்தைக் காய்ச்சிக் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். அப்பா வயலிலிருந்து வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவரும் போக முடியாது, கரும்பு வெட்ட ஆள் வந்து நின்றிருந்தது. "ஏனுங்க, நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரனுங்க" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பொம்பளைக்குப் பொம்பளை தொணையா?" என்று கேட்டுவிட்டு அப்பா கரும்புக்காட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. ஜாமெட்ரி பாக்ஸை என் கையில் வைத்து, "இந்தா சாமி, உனக்கே வெச்சுக்கோ. எந்திரிச்சு வா, இன்னும் பஸ் போகல" என்றாள். எழுந்து போயிருக்கலாம். எழுந்தால் பொய் வெளிப்பட்டு அப்பாவிடம் அடி விழுமே என்ற பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பெட்டியை மட்டும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

ஒரு பாடம் போனால் பரீட்சையே போனது மாதிரி. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஆவணியிலேயே அவளைக் கொடுமுடிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்றிருந்தவள் அங்கே மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டாள். அந்த ஜாமெட்ரி பாக்ஸை வைத்துக்கொண்டுதான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து வருஷம் கழித்து, அதற்குள் ஊருக்கே வந்துவிட்ட உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த என் தங்கை தனத்துக்கு டவுனில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், இருவருக்கும் ஒரே பஸ்தான். "நீ தொணைக்குப் போறதா இருந்தா அனுப்பறேன்" என்றார் அப்பா. சரி என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் தனத்தின் முகத்தில் அக்காவின் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன், கேட்டது கிடைக்குமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"நான் தொணைக்குப் போகலீங்கப்பா. அவ தனியாப் போகட்டும். எனக்கு ஒரு நாளைக்கு வயித்து வலி வந்தா அவ படிப்பு நின்னு போகோணுமா?" என்று கேட்டேன். கேட்ட வேகத்தில், "அக்கா பரீச்சையன்னைக்கு எனக்கு வயித்து வலியே இல்லீங்க" என்பதையும் சொல்லிவிட்டேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. படிச்சது போதும்னு நானும் நெனச்சுட்டிருந்தேன். நீ படுத்தது சாக்காப் போச்சு."

தண்டனைக்குப் பயந்து நான் மறைத்த பொய் அவருக்கு உதவியாக இருந்திருக்கிறது. எட்டு வயதில் என்னை அறியாமலே அவருக்குக் கூட்டாளியாக இருந்திருக்கிறேன். தனத்தை அனுப்பாவிட்டால் நானும் கல்லூரிக்குப் போவதில்லை என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலையில் அம்மாவைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்குச் சோறு கட்டிக் குடு" என்றார். தனம் தனியாகப் பஸ் ஏறினாள். பிறகு தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள். அண்ணன்தான் தன்னைப் படிக்க வைத்ததாக இன்றும் பேரன் பேத்திகளிடம் சொல்கிறாள், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

கரும்புக்காடு வீட்டு சைட்டுகளாகிவிட்டது. பஸ் நின்ற இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. என் பேத்தி யாரிடமும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஈரோடு வரைக்கும் போய் வருகிறாள். "தொணைக்கு" என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று வயிற்று வலி இல்லை என்று அப்பாவிடம் சொன்னதை அக்காவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. போன மாசம் கொடுமுடியிலிருந்து தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவளின் பையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் என் மருமகளைக் கூப்பிட்டு, "அவனுக்குக் காரம் கொறச்சுப் போடு அம்மணி. சின்னதுலிருந்தே அவனுக்கு வயிறு சேராது" என்றாள். பிறகு பையைத் திறந்து, வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டுவந்திருந்த ஓமத் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் குடித்தேன்.