ஜானவாசக் காரின் கூரை

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை மாமாவின் பாதங்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்ற பச்சைக் காரின் பின் ஸீட்டைக் கழற்றித் தெருவில் வைத்திருந்தார்கள். ஸீட் இருந்த பள்ளத்துக்குள் மாமா தலைகீழாகப் போயிருந்தார். பாதங்கள் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது.

மறுநாள் என் அத்தைக்குக் கல்யாணம். அன்று மாலையே மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து திறந்த காரில் ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம். ஜானவாசமெல்லாம் வேண்டாமே என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். அப்பா கேட்கவில்லை. "அவருக்கு ரெண்டாவதா இருக்கட்டும். என் தங்கைக்கு மொதல் கல்யாணம்தானே" என்றார். எங்கள் ஸ்ரீவராகம் பகுதியில் திறந்த கார் இல்லாத ஜானவாசத்தை யாரும் பார்த்ததில்லை.

கார் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்தக்கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலி வியாபாரியுடையது. பழைய அமெரிக்கக் கார். சுவிட்ச் விசையைத் தட்டினால் பின்னால் உள்ள மோட்டார் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய், மடிந்து கிடக்கும் துணிக் கூரையைத் தூக்கி மூடும். வயர்களின் மேல் சுற்றியிருந்த துணி மக்கிப்போய், போன கல்யாணத்தில் முன்பலகை விசையிலிருந்து புகை வந்துவிட்டது. அதிலிருந்து நாலு பேர் சேர்ந்துதான் கூரையைத் தூக்கினார்கள். தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி தொடங்கியிருந்ததால் நாலு பேரை நம்ப முடியாது என்றார் அப்பா.

மாமா, அம்மாவின் தம்பி. பஸ் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, மேஸ்திரியோடு சண்டை போட்டு வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்பா அவரை 'ஊஞ்சல் ஆபீசர்' என்பார். வியாபாரி காலையில் காரைக் கொண்டுவந்து விட்டபோது எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"தம்பி, கூரை ஒழுங்கா எந்திரிச்சு ஒழுங்கா படுத்துச்சுன்னா, நம்ம அஞ்சு லாரி வயரிங்கும் ஒங்க கையிலதான். கல்யாணம் முடிஞ்சதும் வந்து சேந்துக்கிடுங்க."

அம்மா உள்ளே போய் சாமிக்கு ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினாள்.

மாமா முழு மின்சாரத்தையும் விசை வரைக்கும் கொண்டுபோகவில்லை. லாரியிலிருந்து எடுத்த இரண்டு ரிலேக்களை மோட்டாருக்குப் பக்கத்திலேயே பொருத்தினார். ஒன்று தூக்க, ஒன்று இறக்க. "சுவிட்ச் கூப்பிட்டா மட்டும் போறும். தூக்கற வேலை ரிலேயோடது" என்று எனக்கு விளக்கினார். விசைக்கு இனி மெல்லிய வயரே போதும் என்பதால் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மழை வந்தால் பின்னால் இருப்பவர்களே மூடிக்கொள்ளட்டும் என்று முன் ஸீட்டின் முதுகில் வைத்தார். அதுவரை எந்தக் காரிலும் அங்கே விசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

நாலரை மணிக்கு விசையை மேலே தள்ளிப் பார்த்தோம். படுத்திருந்த மாடு எழுவதுபோல முதலில் பின்பக்கம் அசைந்தது. பிறகு அந்தக் கறுப்புத் துணி முழுவதும் மடிப்பு மடிப்பாக விரிந்து, வானத்தை எங்கள் தலைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். பதினோரு முறை மூடித் திறந்தோம். மலையாளியான கார் டிரைவர் கடைசியில், போதும் என்று கையைக் காட்டி, "மதி சாரே, அது தளர்ந்து போகும்" என்றார்.

ஆறே முக்காலுக்கு ஊர்வலம் புறப்பட்டது. வழக்கப்படி தெருக் குழந்தைகள் காரில் ஏறினோம். எனக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தேன். மற்றவர்கள் முன்னால் டிரைவரோடு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் எங்களுக்கு இருபுறமும் மிதந்து வந்தன. நாதஸ்வரம் முன்னே போயிற்று. மாமா துவைத்த சட்டையில், ஒரு கை காரைத் தொட்டபடி நடந்தார். வியாபாரி அவருக்குப் பின்னால்.

கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குளத்தைச் சுற்றிய அந்த ஒரே வழிதான். குளத்தின் வடக்கே திரும்பியதும் மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார்.

"கொழந்தே, இதை மேலே தள்ளினா மூடிக்குமோ?"

"ஆமா. ஆனா மழை இல்லியே."

அவர் தள்ளினார்.

கூரை எழுந்தது. வெளியே சிரிப்பும் கூச்சலும் கேட்டுத் தூரப் போயின. உள்ளே இருட்டு, துணிக்கு அந்தப் பக்கம் விளக்குகள் மஞ்சள் கறைகளாக நகர்ந்தன. ரோஜா மாலையும் சூடான எண்ணெயும் கலந்து மணத்தது. நாதஸ்வரம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் மடியில் வைத்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அது முடியாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. சிறிது தூரம் போனதும் அவர் விசையைக் கீழே தள்ளினார். வானம் திரும்பி வந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதேம்மா" என்றார்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் வியாபாரி மாமாவிடம் வந்தார். "தம்பி, ஒங்க கூரை அது இஷ்டத்துக்குல்லா ஆடுது. லாரி ஹெட்லைட்டு மலைப்பாதையில இப்படிக் கண்ண மூடித் தொறந்தா எங்க டிரைவரு கதி என்ன?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, "ஆபீசர் வேலை பாத்த லட்சணம்" என்று மட்டும் சொன்னார்.

மாமா ஸீட்டைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு ரிலேக்களையும் திறந்தார். கருகல் இல்லை, ஒட்டல் இல்லை. செப்பு முனைகள் புதிதாகப் பளபளத்தன.

"நீ தொட்டியோ?"

"இல்லே மாமா."

"பின்னே யாரு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கொளத்துக்கு வடக்கே திரும்பினதுந்தானே மூடித்து?"

"ஆமா."

"நாலஞ்சு வீடு தாண்டினப்பறந்தான் தொறந்தது, இல்லியா?"

"ஆமா மாமா."

மாமா குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு முடுக்கினார். எழுந்து போய் வியாபாரியிடம், "ரிலே ஒட்டிண்டுடுத்து. என் தப்புதான்" என்றார்.

டார்ச் பிடித்தவள் நான். ஒட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நல்ல வேலையைச் செய்துவிட்டு எதற்காகப் பொய் சொல்கிறார் என்று கோபம் வந்தது. உண்மையைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். மாமா என் தோளைப் பிடித்து உள்ளே திருப்பிவிட்டார்.

லாரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஆடி மாதம் மாமா பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு எலெக்ட்ரீஷியனாகப் போனார். பஸ் குறைவு என்பதால் தீபாவளிக்கு மட்டும் வந்தார். அத்தையின் கணவர் அப்போதெல்லாம் அவருக்குத் தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுப்பார்.

எனக்குப் பதினெட்டு வயதாகும்போது, அந்தத் தெருவழியே நடக்கையில் அம்மா பேச்சுவாக்கில் ஒரு வீட்டைக் காட்டினாள். குளத்துக்கு வடக்கே திரும்பினால் மூன்றாவது வீடு. அத்தை கணவரின் இறந்துபோன முதல் மனைவி பிறந்த வீடு. ஜானவாசத்தன்று அவளுடைய அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம்.