நைனாவுக்கு அடுத்த இடம்

என் நைனா கண்ணப்பன் போனபோது குப்பமே அழுதது. அதில் எனக்கு வருத்தமில்லை. தனக்கோடி என்னைவிட அதிகமாக அழுதாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தனக்கோடி யாரென்று சொல்லிவிடுகிறேன். நைனாவோடு கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. அவரும் அவர் பெண்சாதியும் வாந்திபேதியில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது இவள் ஒருத்தி, இடுப்பில் தூக்குகிற வயதைத் தாண்டியும் தாண்டாமலும். நைனா போய்த் தோளில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அந்தத் தோள் அதுவரைக்கும் என்னுடையது. வந்த புதிதில் அவரைப் 'பெரிநைனா' என்றுதான் கூப்பிட்டாள். முறையும் அதுதானே. மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் 'பெரி' எந்தத் தண்ணீரில் விழுந்ததோ, 'நைனா' மட்டும் நின்றது. யாரும் அவளைத் திருத்தவில்லை. நான் திருத்தினேன். அம்மா என் தலையில் குட்டினாள்.

உலாந்தாக்கார வெள்ளையர்கள் கோட்டையில் இருந்த காலம் அது. நாங்கள் பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலையும் படகும் வேறு ஆட்களுக்கு. எங்களுக்குக் காலும் கையும், பல்லில் கடித்துக்கொள்ள ஒரு பனையோலைப் பறியும் இருந்தால் போதும். முன்னால் போகிறவர் சேற்றில் காலை அழுத்தி அழுத்தி நடப்பார். அந்தத் தடத்துக்குள் இறால் போய் ஒடுங்கிக்கொள்ளும். பின்னால் வருகிறவர் குனிந்து கைவிட்டுத் துழாவி எடுத்து, வாயில் தொங்கும் பறிக்குள் போடவேண்டும். முன்னால் போகிறவர் கால்தான் பின்னால் வருகிறவருக்குச் சோறு.

நைனாவுடையது அகலமான கால். இடது பாதத்தில் எப்போதோ திருக்கை மீனின் முள் ஏறி, ஆறியும் ஆறாமல் நின்றுவிட்டது. அதனால் அந்தக் காலை வெளிப்பக்கம் சாய்த்துத்தான் ஊன்றுவார். வலது தடம் நேராக இருக்கும், இடது தடம் ஒரு பக்கம் உள்வாங்கிக் குடைந்திருக்கும். அந்தக் குடைவுக்குள் நுழைந்த இறால் வெளியே வர வழி தெரியாமல் கிடக்கும். மற்றவர் தடத்தில் ஒன்று அகப்பட்டால் இவர் தடத்தில் கை கொள்ளாது.

அவருக்கு அடுத்த இடம் எனக்கு. எனக்குப் பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் அம்மாவின் அண்ணன் திருவேங்கடம் மாமா. கோட்டையில் காலைப் பீரங்கி வெடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பார்க்கமாட்டேன். நைனாவின் முதுகைவிட்டு வேறெதைப் பார்க்கவும் எனக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் தண்ணீரில் இறங்கும்போது நைனா தனக்கோடியின் கையைப் பிடித்து இழுத்துத் தம் பின்னால் நிறுத்தினார்.

"பவுனு, நீ அவளுக்குப் பின்னால வா."

"இன்னாத்துக்கு நைனா?"

"சின்னது. கடைசியில வுட்டா தண்ணி இட்டுக்கினு பூடும்."

"அப்ப நான் பூட்டா பரவாயில்லியா?"

"உன்னைத் தண்ணி தூக்குமா? அம்மாம் பெரிய கோவம் கீது உள்ள, கல்லு மாதிரி!"

மாமா சிரித்த சிரிப்பில் பறி வாயிலிருந்து விழுந்து மிதந்துபோயிற்று. சின்னது வளர்ந்தது. என் தோளுக்கு மேல் வளர்ந்தது. என் இடம் மட்டும் திரும்பி வரவில்லை. அவள் துழாவிவிட்டுத் தன் காலையும் வைத்து மிதித்துப்போன குழிகள்தான் எனக்கு. என்னைத்தான் முதலில் கட்டிக்கொடுத்தார்கள், முகத்துவாரத்துப் பக்கம். நான் போன பிறகும் அவள் வருஷக்கணக்கில் அவர் பின்னால் நடந்தாள். அப்புறம்தான் அவளை எளாவூர்ப் பக்கம் கொடுத்தார்கள்.

எனக்கென்று மிச்சமிருந்தது ஒரு நடை. நைனா பெரிய இறாலாகப் பொறுக்கிக் கோட்டைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோவார். வாசலில் கம்பளிச் சட்டையும் வியர்வையுமாக ஒரு சிப்பாய் நிற்பான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், நைனா விறகுக்கட்டையைத் தோளில் சாய்த்து, கன்னத்தை உப்பி, முட்டியை மடக்காமல் அடுப்பைச் சுற்றி அவனைப்போல நடப்பார். கொக்கு மாதிரி இருக்கும். சிரிக்கக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொள்வேன். மூன்றாம் சுற்றில் என்னை மீறிச் சிரிப்பு வந்துவிடும். தோற்றுப்போன என்னை அந்த விறகுக்கட்டைச் சிப்பாய் தூக்கிக்கொள்வான்.

நைனா செத்த பிறகு படையல் நாளுக்கு உறவெல்லாம் வந்து கூடியது. தனக்கோடி நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னாள்:

"நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினேன்னு வையி, நைனா கோட்டைச் சிப்பாயி மாதிரி நடப்பாரு. வெறவுக்கட்டைதான் துப்பாக்கி. நான் சிரிக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டாரு."

எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"அது எனக்கு நடந்து காட்டினது" என்றேன்.

"உனக்கும் காட்டியிருப்பாரு அக்கா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, பிரியமாக.

நான் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த நைனாவின் பறியை எடுத்தேன். விளிம்பில் அவர் கடித்த பல்தடம் இருந்தது, நடுவில் விழுந்துபோன பல்லுக்கான சந்தோடு. "இது எனக்கு" என்றேன். அவள் சண்டைக்கு வருவாள், முடியைப் பிடிக்கலாம் என்று நின்றேன்.

"எடுத்துக்க அக்கா. உனக்கில்லாம யாருக்கு?"

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். இப்படிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

படையலுக்கு வைக்கிற இறாலைச் செத்தவருடைய சொந்தம்தான் ஏரியில் இறங்கிப் பிடித்து வரவேண்டும், எங்கள் வழக்கம். கரையில் நின்றபோது திருவேங்கடம் மாமா கேட்டார்: "மச்சான் எடத்துல யாரு போறது?"

"நான்தான் மூத்தவ" என்று பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன். பின்னால் தனக்கோடி, அம்மா, மாமா. நடந்தேன், நடந்தேன். எனக்கு முன்னால் முதுகு எதுவும் இல்லை, வெறும் தண்ணீர்தான். பின்னால் மாமாவின் குரல் வந்தது.

"இன்னா பவுனு, நடக்கிறியா பறக்கிறியா? தடத்தையே காணோமே! இப்படிப் போனா மச்சானுக்கு இன்னிக்கு வெறுஞ்சோறுதான்."

வாயில் பறி இருக்கும்போது பதில் பேச முடியாது. முறைத்தேன்.

"தனக்கோடி, நீ முன்னால போம்மா" என்றார்.

அவள் என் பக்கம் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். என்னைத் தாண்டிப் போனாள். அவள் மிதித்ததில் நான் பொறுக்குவதா, கடைசிக்குப் போய்விடலாம் என்றுதான் ஒதுங்கினேன். ஒதுங்கும்போது சும்மா கையை விட்டேன். வலது தடம், நேராக. அடுத்தது இடது தடம். என் கை ஒரு பக்கமாக உள்ளே போயிற்று. சாய்வாகக் குடைந்த குழி. விரலெல்லாம் இறால் துள்ளியது. நான் எடுக்கவில்லை. கை அப்படியே இருந்தது.

அவள் காலில் எந்த முள்ளும் குத்தியதில்லை. அத்தனை வருஷம் அவர் குழியிலேயே தன் காலை வைத்து வைத்து நடந்தவள், அதனால் அப்படி ஆகிவிட்டது. நான் அங்கே நடந்திருந்தால் என் கால் அப்படி ஆகியிருக்கும்.

என் பல் பறி விளிம்பில் இறங்கியது. அதற்குள் அம்மா என்னைத் தாண்டித் தனக்கோடிக்குப் பின்னால் போகப் பார்த்தாள். பெற்ற தாயென்றும் பார்க்காமல் முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினேன்.

"அடியே, இன்னாடி உனக்கு?"

நான் நைனாவுக்கு அடுத்த இடத்தில் நின்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் தனக்கோடியின் கொண்டை கண்ணில் படும். குனிந்தபடியே வலதும் இடதுமாகத் துழாவிக்கொண்டு, பறி நிரம்பிக் கழுத்து இழுக்கும்வரை போனேன்.

"போதும் அக்கா, ரொம்பிடுச்சி" என்று அவள் நின்றாள்.

பறியை வாயிலிருந்து கையில் வாங்கிக்கொண்டு சொன்னேன்: "இன்னும் கொஞ்ச தூரம் நட."

ஏனென்று கேட்காமல் நடந்தாள்.

மறுநாள் எளாவூர்ப் பக்கம் போய்விட்டாள். அவளுக்குப் பெண்கள் உண்டு. இந்நேரம் அந்தக் கரையில் அவளுக்குப் பின்னால் எவளோ ஒருத்தி நடந்துகொண்டிருப்பாள், அது யாருடைய கால் என்றுகூடத் தெரியாமல். கொடுத்துவைத்த கழுதை. நினைத்தால் எனக்கு இந்த வயதிலும் வயிறு எரிகிறது.