உம்மாவின் இடது கால்

நபீலா மவுத்தாகிவிட்டாள். இன்று விடிய, ஹார்ட் அட்டாக்... பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். பிறகு எங்கள் ஒழுங்கையிலேயே, சில வீடுகள் தள்ளி, வாழ்க்கைப்பட்டாள். தினமும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்து உம்மாவின் யானைக்காலைக் கழுவித் துடைத்துவிடுவது அவள்தான்.

இதை எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "எழுது. அவள்ற பேரப் பெரிசாப் போடு."

நான் உயிரியல் டீச்சர். நுளம்பு கடித்து உள்ளே போகும் நூல் போன்ற அந்தப் புழு, நிணநீர்க் குழாய்களில் எப்படித் தங்குகிறது என்று வருடாவருடம் போர்டில் வரைகிறவள். ஆனால் நான் சோப்போடு போனால் உம்மா சீலையை இழுத்துக் காலை மூடிவிடுவார்.

"பெத்த புள்ளைக்கிட்ட நீட்டுற காலா இது? நீ போ, நபீலா வருவாள்."

நபீலா வந்தால் கால் தானாக ஸ்டூலில் ஏறும்.

ஒருமுறை விளங்கப்படுத்தினேன். புழு எப்போதோ செத்துவிட்டது, குழாய்கள் பழுதானதால்தான் வீக்கம் வற்றவில்லை என்று. உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் நபீலா சொன்னாள்: "மாமி, உங்கட கால்ல வாடகைக்கு இருந்தவன் எப்பயோ மவுத்து. வீட்டத்தான் ஒடச்சிப்போட்டுப் பெய்த்தான்!"

உம்மா சிரித்தது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. நான் சொன்னதும் அதைத்தானே...

செருப்பு என்றால் இரண்டு அளவில் இரண்டு சோடி வாங்க வேண்டும். கல்முனை பஜாரில் வாங்கி வருவது நான். மிஞ்சிய ஒரு பெரியதையும் ஒரு சிறியதையும் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நடப்பது அவள். "எப்பிடி மாமி ஸ்டைல்?"

அதற்கும் சிரிப்பு. எனக்கு எரியும்.

இன்று மையத்து வீட்டில் உம்மா "என்ட புள்ள, என்ட புள்ள" என்று அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அசருக்குப் பிறகு உம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "வா" என்றார்.

முதல்முறையாகக் கழுவினேன். விரலிடுக்குகளைத் துடைக்கும்போது கேட்டார்: "என்னகா, ஊமையா இருக்காய்? அவளெண்டா ஏதாச்சும் கதைச்சிக்கிட்டே இருப்பாள்."

அந்தச் செருப்பு நடையைத்தான் சொன்னேன். உம்மா அழுகையோடு சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் உனக்குத்தான், நபீலா.

போ... அல்லாஹ்விடம் நல்லபடி போய்ச் சேர்.