ஆசாரி எடுத்த கோணல் படங்கள்

ஆசைத்தம்பி ஆசாரி எடுக்கும் படமெல்லாம் கோணல் என்று முதன்முதலில் சொன்ன வாய் என்னுடைய வாய்தான். அதை இன்னொருவர் தலையில் கட்டித் தப்பிக்க எனக்கு மனமில்லை. அப்போது நான் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் களத்து மேஸ்திரி. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிற பெண்கள் முப்பது பேரும் என் பொறுப்பு. மில்லின் பெயர் இப்போது எதற்கு? அந்த இடத்தில் இன்று எவரோ சிமெண்டுக் குடோன் வைத்திருக்கிறார்.

ஆசாரிக்குச் சொந்த ஊர் அமராவதிபுதூர். நெல் கொட்டுகிற மரத்தொட்டி, சல்லடைச் சட்டம், லாரியின் பக்கப்பலகை என்று மில்லின் மரவேலை எல்லாம் அவர்தான். ஒல்லி ஆள், காதில் எப்போதும் பென்சில். அவர் பூட்டிய கதவைப் பார்த்து யாராவது "ஏறக்குறைய சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது. "ஏறக்குறைய சரின்னா தப்புன்னுதானேய்யா அர்த்தம்?" என்று சண்டைக்கு வருவார். அறுபத்தோராம் வருஷம் நேமத்தான்பட்டியில் ஓர் ஆச்சி வீட்டுக் கதவுகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். இறந்துபோன தன் வீட்டுக்காரர் மலேயாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிக் கேமராவை அந்த ஆச்சி இவரிடம் எடுத்துக் கொடுத்து, "இங்ஙன கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு நீங்க கொண்டுக்கிட்டுப் போங்க" என்றாராம். நாற்பது வயதில் மனிதருக்குப் பித்துப் பிடித்தது.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். காரைக்குடி ஸ்டூடியோவில் கொடுத்துத்தான் கழுவ வேண்டும். அதனால் கண்டதையும் எடுக்க மாட்டார். வருஷத்துக்கு ஒருமுறை மில் ஆட்கள் எல்லோரும் லாரியில் ஊர் சுற்றப் போவோம். அதற்கென்று சுருளைப் பத்திரமாக வைத்திருப்பார். திருமயம் கோட்டையில் பீரங்கியின் மேல் ஏறி உட்கார்ந்த டிரைவர் வயிரவன், குற்றாலத்தில் நனைந்த தலையோடு முகத்தை மூடிக்கொண்ட என் மனைவி சின்னத்தாயி, பாம்பன் பாலத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும் பிச்சையம்மாள். சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் உயிருள்ள படங்கள். புறப்படும்போது மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மில் களத்தில் புகைக்கூண்டுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தால்தான் லாரி நகரும். காலை வெயில் முகத்தில் விழ அதுதான் தோதான இடம்.

அறுபத்தைந்தில் எடுத்த படத்தைக் களத்தில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். அறுபது அடிப் புகைக்கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்ன ஆசாரியாரே, கதவுக்கெல்லாம் மட்டம் பாக்குறீக, படத்துல கோட்டை விட்டுட்டீகளே!" என்றேன்.

களமே சிரித்தது. அன்றிலிருந்து அது கோணக் கேமரா. அவர் முகம் சுண்டிப்போயிற்று. மட்டம் தப்பியது என்று ஓர் ஆசாரியைப் பார்த்துச் சொல்லலாமா? நான் சொன்னேன். அடுத்த வருஷம் புகைக்கூண்டு நேராகத் தெரியும்படி கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்தார். புகைக்கூண்டு நேரே நின்றது, நாங்கள் அத்தனை பேரும் சாய்ந்து நின்றோம். "ஏண்ணே, எல்லாரும் கள்ளுக்கடையில இருந்து வந்த மாதிரில இருக்கோம்!" என்று பிச்சையம்மாள் கத்தினாள். பிறகு அவர் வேறு வழி கண்டுபிடித்தார். படத்தின் ஓரங்களைக் கத்தரியால் சாய்வாக வெட்டி, நேராக்கிக் கொண்டுவருவார். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடுதலாக வெட்ட வேண்டியிருந்தது. எழுபதாம் வருஷப் படத்தில் ஓரத்தில் நின்ற பொன்னுத்தாயிக்கு ஒரு கையே போய்விட்டது. அவளும் பார்த்துச் சிரித்தாள். 

எழுபத்தொன்று தை மாதம். தங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று ஆசாரியின் மனைவி நாகவல்லி, படங்களையெல்லாம் ஓர் ஆல்பத்தில் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறார். இவர் ஒன்பது வருஷப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பியிருக்கிறார். மறுநாள் காலையில் என்னிடம் வந்தபோது அவர் காதில் பென்சில் இல்லை.

"மேஸ்திரி, மதுரைக் கோபுரம் நேரா நிக்கிது. பாம்பன் பாலத்துத் தூணு நேரா நிக்கிது. அதே கேமரா, அதே கை. இங்ஙன மட்டும் எப்படிய்யா சாயும்?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீகளா?" என்றேன்.

"கோணல் என் கையில இல்ல. நெசமாவே சாஞ்சிருக்கு. நான்தான் பாவி, வெட்டி வெட்டி மறைச்சிருக்கேன்."

போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டினேன். அவர் போகவில்லை. களத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, கயிறு அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து ஒரே ஒரு படம் எடுத்தார். பதினோரு படம் பாக்கியிருந்த சுருளை அப்படியே கழற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் போனார். மறுநாள் மத்தியானம் அந்தப் படம் என் கையில் இருந்தது. நடுவில் கயிறு நேராக இறங்கியது. பின்னால் புகைக்கூண்டு, தென்பக்கத்துக் களத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. இதற்கு மேல் கோணக் கேமரா என்று சொல்ல எனக்கு வாயில்லை. நெல் ஊறவைக்கிற தொட்டியின் தண்ணீர் வருஷக்கணக்காகப் புகைக்கூண்டின் அடியை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மண் எந்தக் கோடையிலும் காய்ந்ததில்லை. புளித்த வாடை அடிக்கும். எனக்கு அது தெரியும்.

"தென்பக்கத்துக் களத்தை இன்னைக்கே நிறுத்துங்க. பொம்பளைகளை வடக்கால அனுப்புங்க. நீங்க சொன்னா நடக்கும்" என்றார் ஆசாரி.

நடக்கும்தான். ஆனால் அறுப்புக் காலம். வெளியே நெல் லாரிகள் வரிசையில் நின்றன. வடபக்கத்துக் களம் பாதிதான் இருக்கும். அவித்த நெல் ஒரு நாள் காயாமல் கிடந்தால் நாறிப்போகும். முதலாளி மதராஸ் போயிருந்தார், வர மூன்று நாள் ஆகும். அவர் இல்லாத நேரத்தில் ஒரு போட்டோவை நம்பிக் களத்தை நிறுத்தினேன் என்றால் மறுநாள் நான் மேஸ்திரி இல்லை. ஒன்பது வருஷம் நின்றது, மூன்று நாள் நிற்காதா என்று நினைத்தேன்.

"சரி, மாத்திர்றேன். நீங்க வெளியில சொல்லிக் கிளப்பி விட்ராதீக. பயந்துபோயி ஒருத்தியும் வேலைக்கு வர மாட்டாளுக" என்றேன். அவர் என் பேச்சை நம்பினார். மறுநாள் வந்து, ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்டார். முதலாளிக்குத் தந்தி அடித்திருக்கிறேன், பதில் வரட்டும் என்றேன். தந்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் செய்தேன். படத்தைப் பார்த்த அன்றைக்கே வீட்டுக்குப் போய், மூன்று நாளைக்குக் களத்துக்கு வர வேண்டாம் என்று சின்னத்தாயியிடம் சொன்னேன். அவள் வேலை செய்தது தென்பக்கம். "எதுக்கு?" என்றாள். "சொன்னாக் கேளு" என்று அதட்டினேன். களத்தில் ஓர் ஆள் குறைந்தது. அந்த மாதம் பொன்னுத்தாயி, சொந்த வயலில் அறுப்பு என்று வேலைக்கு வராமல் இருந்தாள். அவள் வீட்டு வாசலுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். மேஸ்திரியே வந்து கூப்பிடுகிறாரே என்று சந்தோஷமாக வந்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மழை இல்லை, காற்று இல்லை, நல்ல வெயில். நான் லாரிப் பக்கம் நின்றேன். முதலில் செங்கல் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் களம் முழுக்கச் செம்புழுதி. பெண்கள் வடக்கே ஓடி வந்தார்கள், நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிச்சையம்மாள் வரவில்லை. பொன்னுத்தாயி வரவில்லை. மரப்பட்டறையிலிருந்து ஓடி வந்த ஆசாரி வெறுங்கையால் செங்கல்லைப் புரட்டினார். நகம் பிய்ந்து ரத்தம் வழிந்தது. நான் மாற்றிவிடுவேன் என்று நம்பியிருந்த மனிதர், புழுதியோடு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.  அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய், அவர் கொடுத்த படத்தை அடுப்பில் போட்டேன்.

இரண்டு வீட்டிலும் மாலை போட ஒரு படம் கிடையாது, ஆசாரி எடுத்ததைத் தவிர. பிச்சையம்மாளுக்குப் பாம்பன் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பொன்னுத்தாயிக்கு, கை வெட்டுப்பட்ட படத்தைக் கொடுக்க மனம் வராமல் நெகட்டிவை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய் முழுப்படமாகப் போட்டு வாங்கி வந்தார். இரண்டு கையோடும் அவள் அதில் நின்றாள். பின்னால் புகைக்கூண்டு சாய்ந்தபடி நின்றது.

புகைக்கூண்டு விழுந்த நான்காம் நாள் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். களத்தில் மேசை போட்டிருந்தது. ஊரே கூடியிருந்தது.

"சாஞ்சிருக்குன்னு முன்னாடியே தெரியும்னா, யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று ஆசாரியைக் கேட்டார்.

"மேஸ்திரிகிட்டச் சொன்னேங்க. படமும் குடுத்தேன்."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். முதலாளி அவருக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. அவரு கேமராவே கோணல்னு ஊருக்கெல்லாம் தெரியும்" என்றேன்.

இரண்டொருவர் தலையாட்டக்கூடச் செய்தார்கள்.  ஆசாரி கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தபடி நின்றார். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னத்தாயி.

"அப்ப என்னைய எதுக்கு மூணு நாளைக்கு வீட்டுல இருக்கச் சொன்னீக?"

தாசில்தார் எழுதுவதை நிறுத்தினார்.  பொன்னுத்தாயியின் புருஷன் பெரியகருப்பன் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"வயக்காட்டுல இருந்தவளை நீங்க எதுக்கு மேஸ்திரி வந்து கூப்பிட்டீக?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஆள் ஒன்று குறைந்தது என்பதுதான் என்னிடம் இருந்த பதில். அதைச் சொன்னேன்.