பிறக்காத பிள்ளைக்கு ஒரு ஜாதகம்

இந்த வருஷம் எங்கள் பெட்டாலிங் ஜெயா ஆபீசில் எவரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். ரெண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப் போகுமாம். லிப்ட் பாதியில் நிற்குமாம், விமானம் விழுமாம், பேங்கில் போட்டதெல்லாம் காணாமல் போகுமாம். வருஷத்தை நாலு இலக்கமாக எழுதாமல் ரெண்டு இலக்கமாகச் சுருக்கி வைத்த பாவம் என்கிறார்கள். டை கட்டிய இளவட்டங்கள் கையில் பேனாவோடு வந்து மணிக்கணக்கில் பாடம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ரெண்டு இலக்கத்துக்கு இத்தனை கூப்பாடா? என் கல்யாணத்தை ஓர் அரை மணி நேரம் முழுங்கியபோது ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லையே!

எண்பத்தாறில் எனக்கு இருபத்து மூன்று வயது. அப்போதும் இதே பெட்டாலிங் ஜெயாவில், ஒரு தொழிற்சாலை ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலை. காலையிலிருந்து சாயந்திரம்வரை அடுத்தவர் எழுதியதை மெஷினில் தட்டிக்கொண்டிருப்பேன். வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நான் ஸ்கூலில் படிக்கும்போதே போய்விட்டாள்.

கிள்ளானிலிருந்து ஒரு வரன் வந்தது. வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போறதா இருந்தா போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். குடையை என் பக்கமே பிடித்து, தன் சட்டையை முழுக்க நனைத்துக்கொண்டார். தன் பழைய காரில் எனக்கு ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னார். எதற்கு மூடி மறைக்க வேண்டும்? எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். பைத்தியம்.

நான் பிறந்தபோது கோயில் ஐயர் கையால் எழுதிக் கொடுத்த ஜாதக நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. துலாம் லக்னம், செவ்வாய் ஆறாம் இடம், ஒரு தோஷமும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் போதும், பிரின்டர் கீச்கீச்சென்று கத்தி ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் பத்துப் பக்கம் ஜாதகத்தைத் துப்பும். ஊரே அங்கேதான் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவும் போனார். நான் ஆன்ட்டி என்று கூப்பிடும் அந்த அம்மாள், என் பிறந்த நேரத்தைக் கொடுத்துத் தாளை வாங்கினார்.

தாளில் வந்தது கன்னி லக்னம். செவ்வாய் ஏழாம் இடம். கடுமையான தோஷம், கணவனுக்கு ஆகாது.

ஆன்ட்டி போன் பண்ணினார். அப்பா ஐயரின் நோட்டைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். ஆன்ட்டியின் குரலில் கோபம்கூட இல்லை. "ஐயர் மனுஷன், தப்பு பண்ணுவாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா," என்றார். அவர் பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மகன் வீட்டில்தான் இருந்திருப்பார். போனுக்கு வரவில்லை.

அதைவிடக் கொடுமை, எங்கள் அப்பாவும் தலையை ஆட்டினார். "மெஷின் சொல்லுது, நம்ம என்ன பண்றது?" முப்பது வருஷம் ரயில் நேரம் எழுதிய மனுஷன்! ஐயரின் நோட்டைக் கொண்டுபோய் பீரோவின் அடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த ரெண்டு வரனும் அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டு வாசலோடு திரும்பின. கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் வாழ்க்கையைக் கெடுத்தது எது என்று அந்த மெஷினைத் திறந்து பார்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நல்ல காலம், அந்த சென்டரில் சனிக்கிழமைக்கு டைப்பிஸ்ட் வேண்டும் என்று போர்டு தொங்கியது. போய்ச் சேர்ந்தேன். நடத்தியவனுக்கு நான் யாரென்று தெரியாது. அவன் என் முகத்தைப் பார்த்தவன் இல்லையே, பிறந்த நேரத்தை மட்டும்தானே பார்த்திருக்கிறான்! கொளுத்தும் வெயிலிலும் டை கட்டியிருப்பான். எல்லாரும் அவனை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம், "இன்னும் அஞ்சு வருஷத்துல பேப்பர்ங்கிறதே இருக்காது லா, எல்லாம் ஸ்கிரீன்தான்," என்று இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுச் சொல்வான். சொல்லிக்கொண்டே பத்துப் பக்கம் பிரின்ட் அடிப்பான். அவன் சொன்ன எதிர்காலத்தில் ஒன்றாவது நடந்ததா? இன்றைக்கு என் ஆபீசில் பேப்பர் வைக்க இடமில்லாமல் ஒரு அறையையே வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் வியாபாரத்தில் அன்றும் இன்றும் வாய் உள்ளவன்தான் நிபுணன்.

முன் அறையில் கேம் விளையாட ரெண்டு மெஷின் போட்டிருந்தான். மேலேயிருந்து விழும் விண்கலங்களைச் சுட வேண்டும். ஆள் வராத நேரத்தில் நானும் சுடுவேன். கேம் விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப் போகும் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் கேமைப்போல் யோக்கியமான சாமான் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. செத்தால் உன் விரல் பிந்தியதால் செத்தாய், அவ்வளவுதான். உன் பிறந்த நேரத்தைக் கேட்காது. ஒவ்வொரு விண்கலத்துக்கும் மாஸ்டரின் மூஞ்சியை நினைத்துக்கொண்டு சுட்டதில் எனக்குக் கை நன்றாகத் தேறிவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை ஜாதக மெஷினில் என்னை உட்கார வைத்தான். பெயர், தேதி, நேரம், ஊர். அதற்குக் கீழே ஒரு கட்டத்தில் ஏற்கெனவே 8 என்று போட்டிருந்தது. "அதத் தொடாத, அது செட்டிங்," என்றான். எங்கள் தொழிலில் இருக்கிற வியாதியே இதுதான். காலியான கட்டத்தை எல்லாரும் பார்ப்பார்கள், ஏற்கெனவே நிரப்பிய கட்டத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லண்டன் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று கேட்கும் கட்டம் அது. எட்டு மணி, சரிதான். ஆனால் எப்போதிலிருந்து எட்டு?

எனக்குப் பளிச்சென்றது. எண்பத்திரண்டு பிறந்தபோதுதானே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம்! ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பினார். அதற்கு முன்னால் இங்கே பிறந்த எல்லாருக்கும் ஏழரை மணிதான் கணக்கு. மாஸ்டர் சாப்பிடப் போனதும் என் நேரத்தை அடித்தேன். எட்டை அழித்து ஏழரை போட்டேன். துலாம் லக்னம். செவ்வாய் ஆறாம் இடம். ஐயரின் நோட்டில் இருந்தது அப்படியே வந்தது.

அழுதேன். ரெண்டு நிமிஷம்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் புரோகிராமை என் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டேன். திருட்டு என்பீர்கள். அவன் வைத்திருந்ததும் காப்பிதான்.

மாஸ்டரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டத்தை மாற்றிக்கொண்டு, தானே கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்வான். என் பெயர் நாறியது நாறியதுதான். விடுவேனா? அவன் மூக்கை நாலு பேர் முன்னால் உடைக்க வேண்டும். தை பிறக்கும்வரை பொறுத்திருந்தேன். கல்யாணப் பேச்சு நடக்கும் மாதம், படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும்.

அப்படி நிறைந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் எழுந்து, "மாஸ்டர், எங்க அக்கா மகனுக்கு ஒண்ணு பார்க்கணும், நீங்களே போட்டுத் தாங்க," என்றேன். எனக்கு அக்காவே கிடையாது. கூட்டத்தின் முன்னால் மெஷினில் உட்கார அவனுக்குக் கசக்குமா? டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான்.

"எண்பத்தொண்ணு டிசம்பர் முப்பத்தொண்ணு. ராத்திரி பதினொண்ணே முக்கால். கோலாலம்பூர்."

தட்டினான். பிரின்டர் கத்தியது. தாளைக் கிழித்துச் சத்தமாகவே வாசித்தான். தீர்க்காயுசு. அரசாங்க உத்தியோகம். தாய்மாமனுக்கு மட்டும் கொஞ்சம் கண்டம், பரிகாரம் செய்தால் போதும்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர். இந்தப் பிள்ளை பிறந்துச்சா?"

"என்ன லா கேள்வி இது? பிறக்காமலா ஜாதகம் வரும்? கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது."

நான் கைப்பையிலிருந்து பழைய பேப்பர் துண்டை எடுத்தேன். அப்பா எதையும் தூக்கிப் போடாதவர், அந்த ஒரு குணத்துக்காக அன்றைக்கு அவரை மன்னித்தேன். "அன்னைக்கு ராத்திரி பதினொன்றரை அடிச்சதும் நாடே கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளிடுச்சு. பதினொண்ணே முக்கால்னு ஒரு நேரமே அன்னைக்கு இல்ல. இல்லாத நேரத்துல எந்தப் பிள்ளை மாஸ்டர் பிறந்துச்சு?"

வரிசையில் நின்ற ஒரு அக்கா, "ஆமா! நான் அன்னைக்குப் பிரசவ வார்டுல டூட்டி. பதினொன்றரைக்கு அப்புறம் நேரா பன்னிரண்டுன்னுதான் எழுதச் சொன்னாங்க," என்றார். நர்ஸ். தெய்வமே கொண்டுவந்து நிறுத்தியது போல நின்றார்.

"அதுக்கு முன்னால பிறந்த எல்லாருக்கும் இவர் அரை மணி தப்பாப் போட்டிருக்காரு," என்றேன். "உங்க கையில இருக்கிற தாளையெல்லாம் பாருங்க. எனக்கும் அப்படித்தான் போட்டாரு."

அடேங்கப்பா, அந்தச் சத்தம்! ஒருத்தர் மகள் கல்யாணத்தை நிறுத்தியிருந்தார். ஒருத்தர் பரிகாரத்துக்குத் திருச்செந்தூர்வரை போய் வந்திருந்தார். மாஸ்டரின் மூஞ்சியில் ஈயாடவில்லை. "அது சாப்ட்வேர் செஞ்சவன் தப்பு," என்றான். அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் தொழிலில் எவனும் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. தாள்களைச் சுருட்டி அவன் மேலேயே எறிந்தார்கள். மனசு குளிர்ந்து போய்ப் படியிறங்கினேன். அடுத்த மாதம் ஜாதக போர்டு இறங்கிவிட்டது, கேம் மெஷின்கள் மட்டும் ஓடின.

சேதி கிள்ளானுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? ஆன்ட்டி மகனையும் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு பழத்தோடு வந்து நின்றார். "அந்தக் கடைப் பேப்பர் எல்லாம் குப்பைம்மா. நடந்தத மறந்துடு. நீயே சரியாப் பார்ப்பியாமே, ரெண்டு பேருக்கும் போட்டுப் பாரேன்." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியார் அன்று மழையில் பார்த்த அதே முகத்தோடு, காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பிடித்திருக்கிறது என்றோ, அன்று போனுக்கு வராதது தப்பு என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அவர் வந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷினில் என் டிஸ்க்கைப் போட்டு, ஆன்ட்டி கொடுத்திருந்த அவர் நேரத்தை ஏழரையில் அடித்தேன். சுத்தமான ஜாதகம். எனக்கும் அவருக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். பிறகு அதே கட்டத்தில் வேறு வேறு எண்ணைப் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன், அவருடைய செவ்வாய் எட்டாம் இடத்தில் போய் உட்காரும்வரை. அதையும் பிரின்ட் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது தாளைத்தான் நீட்டினேன். "உங்க மகனுக்குத்தான் தோஷம் ஆன்ட்டி. எட்டாம் இடம். எனக்கு ஆகாது."

ஆன்ட்டிக்கு முகம் செத்துப்போயிற்று. "இல்லம்மா... முன்னாடி பார்த்தப்ப சுத்தமா இருந்துச்சே..."

"அது குப்பைன்னு நீங்கதானே சொன்னீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது ஆன்ட்டி."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். சொன்னேன். ஆனால் சொல்லும்போது நான் ஆன்ட்டியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பை மடியில் இருந்தது. ஜிப்பைத் திறந்தே வைத்திருந்தேன். "இதுல எனக்கு நம்பிக்கை இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்தத் தாளைக் கிழிக்கட்டும், கிழிக்கக்கூட வேண்டாம், மேசை மேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கட்டும், முதல் தாளை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று.

அவர் தாளை வாங்கினார். ஒழுங்காக நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க," என்றார். பிறகு அம்மாவின் செருப்பை எடுத்து நேராகப் போட்டுவிட்டு, காரைத் திருப்பப் போனார்.